அளக்கப் போன கப்பல்

பீகிள் என்று சொன்னால் அடுத்த சொல்லாக டார்வின் வந்துவிடுகிறது. பரிணாமக் கொள்கையைச் சொல்லித்தரும் பாடங்களிலும் ஆவணப்படங்களிலும் பரவியிருக்கும் கதை ஏறக்குறைய ஒன்றுதான். உயிர்களின் தோற்றத்தை ஆராய ஓர் இளம் விஞ்ஞானி கப்பலேறினார், கப்பல் அவரை உலகம் சுற்றிக் காட்டியது, கலாபகஸ் தீவுகளில் குருவிகளின் அலகைப் பார்த்தார், உண்மை விளங்கிவிட்டது. இந்தக் கதையில் கப்பல் வெறும் வண்டி. கப்பல் தலைவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய் வண்டிக்காரர். அதிலும் பைபிளைப் பிடித்துக்கொண்டு விஞ்ஞானத்துக்குக் குறுக்கே நின்றவர். எங்கும் நிலைத்துவிட்ட இந்தக் கதை தவறானது. ஒரு கப்பலின் பெருமையைக் குறைக்கிறது என்பதைவிட, அறிவியல் எப்படி நடக்கிறது என்பதைப் பற்றி நமக்குப் பொய்யான படம் ஒன்றைத் தருகிறது என்பதே இதன் பெரிய கேடு. பீகிள் கடலளவைக் கப்பல். அளப்பதற்காகவே அது போனது, அளந்துகொண்டே திரும்பியது. டார்வினின் சிந்தனைக்கு அடித்தளம் அமைத்தவற்றில் அந்த அளவுகளும் உண்டு, அளக்கப் பிடித்த காலமும் உண்டு.

முதலில் கப்பலின் வாழ்க்கையைப் பார்ப்போம். 1820 மே 11 அன்று தேம்ஸ் நதிக்கரையிலுள்ள வூல்விச் கப்பல் தளத்தில் பீகிள் நீரில் இறங்கியது. பத்துப் பீரங்கிகள் கொண்ட சிறிய போர்க்கப்பல். நீளம் சுமார் 27 மீட்டர், அகலம் ஏழரை மீட்டர். அதே வகையில் நூற்றுக்கும் மேற்பட்ட கப்பல்கள் கட்டப்பட்டன. பல மூழ்கிப்போனதால் மாலுமிகள் அவ்வகையைச் ‘சவப்பெட்டி’ என்றே அழைத்தார்கள். நெப்போலியனுடன் நடந்த போர் முடிந்துவிட்ட காலம் அது. வேலையில்லாமல் ஐந்தாண்டுகள் சும்மா கிடந்த பீகிளை 1825இல் அளவைப் பணிக்கு மாற்றினார்கள். பீரங்கிகளைக் குறைத்து, பின்புறம் மூன்றாவது பாய்மரம் ஒன்றை நட்டார்கள். 1826 மே மாதம் ஃபிலிப் பார்க்கர் கிங் தலைமையில் சென்ற அட்வெஞ்சர் கப்பலுடன் தென் அமெரிக்காவின் தென்முனையை அளக்கப் புறப்பட்டு, 1830 அக்டோபரில் திரும்பியது. இரண்டாம் பயணம் 1831 டிசம்பர் 27 முதல் 1836 அக்டோபர் 2 வரை. மூன்றாம் பயணம் 1837இல் தொடங்கி 1843 வரை ஆஸ்திரேலியக் கரையில் நடந்தது. மூன்றும் அளவைப் பயணங்கள். டார்வின் இருந்தது இரண்டாவதில் மட்டும். ஜான் லார்ட் ஸ்டோக்ஸ் என்பவரோ முதல் பயணத்தில் பயிற்சி மாலுமியாக ஏறி, மூன்றிலும் உழைத்து, கடைசியில் அதே கப்பலின் தலைவராக ஊர் திரும்பினார். கப்பல் யாருடையது என்று உழைப்பை வைத்துச் சொல்வதானால் ஸ்டோக்ஸ் பெயரை அல்லவா சொல்ல வேண்டும்?

டார்வினை அழைத்துப்போன காரணமும் கதையில் வருவது போன்றது அல்ல. முதல் பயணத்தில் பீகிளின் தலைவராக இருந்த பிரிங்கிள் ஸ்டோக்ஸ், மகெல்லன் நீரிணையின் குளிரையும் புயலையும் தனிமையையும் தாங்க முடியாமல் 1828 ஆகஸ்டில் தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தார். அவருடைய இடத்துக்கு வந்த ஃபிட்ஸ்ராய்க்கு அப்போது 23 வயது. அவருடைய தாய்வழி மாமனான காசல்ரே பிரபுவும் 1822இல் தற்கொலை செய்துகொண்டவர். தலைவர் தம் கீழுள்ள அதிகாரிகளுடன் நெருங்கிப் பழகாமல் தனியே உண்டு தனியே வாழ வேண்டும் என்பது அன்றைய கடற்படை வழக்கம். அடுத்த பயணத்தின் தனிமைக்கு அஞ்சிய ஃபிட்ஸ்ராய், படித்த துணை ஒருவர் வேண்டும் என்று கடற்படை நீரளவைத் தலைவர் ஃபிரான்சிஸ் போஃபர்ட்டிடம் கேட்டார். கேம்பிரிட்ஜ் ஆசிரியர்கள் வழியாக அந்த அழைப்பு 22 வயது டார்வினை எட்டியது. அவருக்குச் சம்பளம் இல்லை. செலவைத் தந்தை ஏற்றுக்கொண்டார். இயற்கைப் பொருள்களைச் சேகரிப்பது வழக்கப்படி கப்பல் மருத்துவரின் வேலை. தம் இடத்தை இன்னொருவர் பிடித்துவிட்டார் என்ற மனக்கசப்பில் மருத்துவர் ராபர்ட் மெக்கார்மிக் 1832 ஏப்ரலில் ரியோ டி ஜெனிரோவிலேயே கப்பலை விட்டு விலகினார். பரிணாமத்தை ஆராய அரசு அனுப்பிய பயணம் என்பதற்கு இதில் எங்கே இடம் இருக்கிறது?

அரசு அனுப்பியது வேறொன்றுக்கு. ஸ்பெயினின் பிடியிலிருந்து விடுபட்டிருந்த தென் அமெரிக்க நாடுகளுடன் வணிகம் பெருகிக்கொண்டிருந்தது. அந்தக் கரைகளுக்கு நம்பத்தக்க கடல் வரைபடங்கள் இல்லை. பாறை எங்கே, மணல்திட்டு எங்கே, நங்கூரம் பாய்ச்ச நல்ல தரை எங்கே என்று தெரியாமல் கப்பல்கள் அழிந்துகொண்டிருந்தன. ஆகவே போஃபர்ட் எழுதித் தந்த பணிகளில் முதன்மையானவை இரண்டு: தென் அமெரிக்கக் கரையை வரைந்து முடிக்க வேண்டும், உலகைச் சுற்றி வந்து முக்கியத் துறைமுகங்களின் தீர்க்கரேகையை ஒரே சங்கிலியாக இணைத்து நிறுவ வேண்டும். இரண்டாவது பணிக்காகக் கப்பலில் 22 காலமானிகள் ஏற்றப்பட்டன. அவற்றில் ஆறு ஃபிட்ஸ்ராயின் சொந்தப் பணத்தில் வாங்கியவை. ஓர் ஊரின் தீர்க்கரேகையை அறிவது என்றால், புறப்பட்ட ஊரின் நேரத்துக்கும் அந்த ஊரின் நேரத்துக்கும் உள்ள வேறுபாட்டை அறிவதுதான். காலமானி ஒரு வினாடி தவறினால் நிலநடுக்கோட்டில் சுமார் 460 மீட்டர் தவறிவிடும். எனவே அவற்றை மரத்தூள் நிரப்பிய பெட்டிகளில் பதித்து, ஆட்டம் குறைவான ஒரு சிறு அறையில் வைத்து, வேறு யாரும் தொடாதபடி காத்தார்கள். அவற்றைப் பேணுவதற்கென்றே ஜார்ஜ் ஜேம்ஸ் ஸ்டெபிங் என்ற கருவிக் கைவினைஞர் ஒருவர், ஃபிட்ஸ்ராய் தம் சொந்தப் பணத்திலிருந்து தந்த சம்பளத்தில், ஐந்தாண்டுகளும் கப்பலில் இருந்தார்.

கரையை வரைவது இன்னும் கடுமையான உழைப்பு. கப்பல் ஒரு குடாவில் நங்கூரம் பாய்ச்சும். படகுகள் நாலா பக்கமும் பிரியும். கரையில் ஒரு நேர்கோட்டை அளந்துகொண்டு, அதன் இரு முனைகளிலிருந்தும் மலை உச்சிகளுக்கும் முனைகளுக்கும் கோணம் எடுப்பார்கள். படகில் இருப்பவர் ஈயக்குண்டு கட்டிய கயிற்றை வீசி ஆழம் பார்ப்பார். இத்தனை பாகம் (ஆழத்தை அளக்கும் அலகு) என்று அவர் குரல் கொடுக்க, இன்னொருவர் குறித்துக்கொள்வார். பத்தடி நகர்ந்து மறுபடி வீச வேண்டியதும் உண்டு. மழை பிடித்தால் காத்திருக்க வேண்டும். சூரியன் தெரியாவிட்டால் மறுநாள். பிழை தெரிந்தால் கடந்துவந்த இடத்துக்கே திரும்பிப்போக வேண்டும். அளவைக் கப்பலுக்கும் பிற கப்பல்களுக்கும் உள்ள வேறுபாடு இதுதான்: வணிகக் கப்பலும் போர்க்கப்பலும் ஓர் இடத்தைக் கடந்து போகும், அளவைக் கப்பல் அங்கேயே கிடக்கும், போன இடத்துக்கே திரும்பத் திரும்ப வரும்.

டார்வினுக்குக் கிடைத்த பெருஞ்செல்வம் இந்தத் தாமதமே. கிட்டத்தட்ட ஐந்தாண்டுப் பயணத்தில் அவர் மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகத் தரையில் கழித்தார். கடலில் கழிந்தது சுமார் ஒன்றரை ஆண்டு. எடுத்துக்காட்டாக, 1832இல் பிரேசிலின் பாஹியாவுக்கும் ரியோவுக்கும் இடையே பீகிள் எடுத்த தீர்க்கரேகை அளவு, பிரெஞ்சுக்காரர்களின் அளவிலிருந்து நான்கு மைலுக்கு மேல் வேறுபட்டது. யார் சரி என்று பார்க்க ஃபிட்ஸ்ராய் கப்பலை மறுபடி பாஹியாவுக்கே திருப்பினார். பீகிளின் அளவே சரியென்று தெரிந்தது. அந்த நாட்களில் காய்ச்சல் கண்டு கப்பலில் மூன்று பேர் இறந்தார்கள். அதே நாட்களில் டார்வின் ரியோவின் போடோஃபோகோ விரிகுடாக் கரையில் தங்கி வெப்பமண்டலக் காட்டின் பூச்சிகளையும் செடிகளையும் சேகரித்துக்கொண்டிருந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் பஹியா பிளாங்காத் துறையை அளந்துகொண்டிருந்தபோதுதான் பக்கத்திலிருந்த புந்தா ஆல்தாவில், அழிந்துபோன மாபெரும் விலங்குகளின் எலும்புகள் டார்வின் கைக்குக் கிடைத்தன. இறந்துபோன பேருருக்களுக்கும் இன்று அதே நிலத்தில் வாழும் சிற்றுயிர்களுக்கும் உள்ள உறவை அவர் எண்ணத் தொடங்கியதற்கு அந்த எலும்புகள் ஒரு காரணம். ‘எந்தக் கப்பலில் போயிருந்தாலும் டார்வின் டார்வின்தான்’ என்பவர்களுக்கு என் பதில் இது. நாலு நாளில் சரக்கை இறக்கிவிட்டுக் கிளம்பும் கப்பலில் போயிருந்தால், அவர் துறைமுகங்களைப் பார்த்திருப்பார். கண்டத்தைப் பார்த்திருக்க மாட்டார்.

காலத்தை மட்டுமா கப்பல் கொடுத்தது? சான்றுகளையும் கொடுத்தது. 1836 ஏப்ரலில் இந்தியப் பெருங்கடலின் கீலிங் தீவுகளில் நடந்ததைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஆழம் பார்க்கும் ஈயக்குண்டின் அடியில் ஒரு குழிவு இருக்கும். அதில் கொழுப்பை அப்பி இறக்குவார்கள். கடலடியில் மணலா, சேறா, பாறையா என்பது அதில் ஒட்டியோ பதிந்தோ மேலே வரும். நங்கூரம் பிடிக்குமா என்றறிய மாலுமிகள் காலங்காலமாகக் கைக்கொண்ட முறை இது. கீலிங் தீவின் பவளத் திட்டுக்கு வெளியே ஃபிட்ஸ்ராய் இப்படி ஆழம் பார்த்தபோது, பத்துப் பாகத்துக்குள் கொழுப்பு மணலே ஒட்டாமல், உயிருள்ள பவளத்தின் அச்சைத் தாங்கி வந்தது. ஆழம் கூடக் கூட அச்சுகள் குறைந்தன, மணல் துகள்கள் பெருகின. இன்னும் ஆழத்தில் வெறும் மணல். பவள உயிர்கள் ஆழம் குறைந்த நீரில் மட்டுமே வாழும் என்பதற்கு அந்தக் கொழுப்பே கண்கண்ட சாட்சி. அலை உடையும் இடத்திலிருந்து 2,200 கெஜம் தள்ளி 7,200 அடிக் கயிற்றை விட்டும் தரை தட்டவில்லை. மேலே மட்டும் வாழக்கூடிய உயிர் இத்தனை ஆழத்திலிருந்து எழுந்த சுவரின் உச்சியில் எப்படி வந்தது? அடித்தளம் மெல்ல மெல்லத் தாழ, பவளம் மேலே மேலே வளர்ந்துகொண்டே வந்தது என்பது டார்வினின் விடை. அந்தக் கருத்து அவர் மனத்தில் முன்பே உருவாகிவிட்டது உண்மை. ஆனால் 1842இல் அதை நூலாக எழுதியபோது அவர் முன்வைத்த அளவுகளில் இவையும் இருந்தன. கோட்பாடு டார்வினுடையது; கயிறு பீகிளுடையது. கயிறு இல்லாமல் கோட்பாடு நிற்காது.

கலாபகஸ் குருவிகளின் கதைக்கும் இதே கதிதான். பீகிள் அங்கே இருந்தது 1835 செப்டம்பர், அக்டோபரில் ஐந்து வாரங்கள். தீவுக்கூட்டத்தின் கரையை வரைவதற்காக. டார்வின் தாம் சுட்ட குருவிகளை எந்தத் தீவில் எடுத்தவை என்று ஒழுங்காகக் குறித்துவைக்கவில்லை. தீவுக்குத் தீவு உயிர்கள் வேறுபடும் என்பது அப்போது அவருக்குப் பெரிதாகப் படவில்லை. 1837இல் லண்டனில் பறவையியலாளர் ஜான் கூல்ட் அவை தனித்தனி இனங்கள் என்று சொன்ன பிறகே தவறு உறைத்தது. அப்போது அவருக்குக் கைகொடுத்தவை, தீவின் பெயர் எழுதி வைத்திருந்த ஃபிட்ஸ்ராயின் சேகரிப்பும் கப்பலில் இருந்த வேறு சிலரின் சேகரிப்புகளும். எங்கே, எப்போது, எவ்வளவு என்று எழுதிவைப்பது அளவைக்காரரின் அன்றாடப் பழக்கம். பரிணாமக் கதையின் புகழ்பெற்ற சான்று ஒன்றைக் காப்பாற்றித் தந்தது அந்தப் பழக்கம்.

இங்கே ஒரு மறுப்பு எழும். ‘ஃபிட்ஸ்ராய் பரிணாமத்தை எதிர்த்தவர்தானே? நோவாவின் பெருவெள்ளத்தை நம்பியவர்தானே?’ என்பார்கள். உண்மை. 1839இல் வெளியான பயண நூலில் அவர் பெருவெள்ளத்துக்காக வாதாடினார். 1860இல் ஆக்ஸ்ஃபோர்டில் நடந்த புகழ்பெற்ற விவாதத்திலும் டார்வினுக்கு எதிராகப் பேசினார். அதை மறைக்க நான் முயலவில்லை. ஆனால் 1835 பிப்ரவரி 20 அன்று சிலியின் கன்செப்சியோனைத் தரைமட்டமாக்கிய நிலநடுக்கத்துக்குப் பின் அவர் செய்ததைப் பாருங்கள். சாந்தா மரியா தீவுக்குப் போய்க் கரையை அளந்தார். நீருக்குள் இருந்த பாறைகள் மேலே வந்திருந்தன. அவற்றில் ஒட்டியிருந்த சிப்பிகள் வெயிலில் செத்து நாறிக்கொண்டிருந்தன. தெற்கு முனை 8 அடி, நடுப்பகுதி 9 அடி, வடக்கு முனை 10 அடி உயர்ந்திருந்தது. நிலம் படிப்படியாக உயர்ந்தே மலைகள் ஆகின்றன என்ற நிலவியலாளர் சார்லஸ் லயலின் கருத்துக்கு அந்த எண்கள் வலுவான சான்றாயின. லயலின் நூலின் முதல் தொகுதியைப் பயணத்தின் தொடக்கத்தில் டார்வினுக்குப் பரிசாகக் கொடுத்தவரும் ஃபிட்ஸ்ராய்தான். பின்னாளில் தம் நம்பிக்கைக்கு எதிராக நிற்கப்போகும் எண்ணையும் கூட்டாமல் குறைக்காமல் அளந்து எழுதிய மனிதர் அவர். நேர்மையான அளவு, அளந்தவரின் மதத்துக்கும் கட்டுப்படாது, ஆசைக்கும் கட்டுப்படாது. அறிவியலின் உயிர் இதுவென்றால், அவரை அறிவியலின் எதிரி என்று ஒரே சொல்லில் ஒதுக்குவது அநீதி.

இன்னொரு மறுப்பு கனமானது. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. ‘கடல் வரைபடம் என்பது பேரரசின் ஆயுதம். வணிகத்துக்கும் ஆதிக்கத்துக்கும் வழி திறந்த கப்பலை ஏன் புகழ வேண்டும்?’ என்ற கேள்வி அது. பீகிளின் கணக்கில் இந்தக் கறை உண்டு. 1830இல் தென் அமெரிக்காவின் தென்முனையிலுள்ள தியெரா டெல் ஃபுயேகோவில் ஒரு படகு திருடுபோனதற்காக ஃபிட்ஸ்ராய் அந்த மண்ணின் மக்களைப் பணயமாகப் பிடித்தார்; நான்கு பேரை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். ஒருவர் அம்மையில் இறந்தார். சிறுமி ஒருத்தி உட்பட மற்ற மூவருக்கும் ஆங்கிலமும் கிறித்தவமும் கற்பித்து, 1833இல் கொண்டுவந்து விட்டார்கள். வரைபடம் திறந்த வழியில் பின்னர் மதபோதகர்களும் குடியேறிகளும் வந்தார்கள், நோய்களும் வந்தன. அந்த மண்ணின் யாகான் மக்கள் கூட்டங்கூட்டமாக அழிந்தார்கள். அவர்கள் மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசிப் பெண்மணி 2022இல் காலமானார். இத்தனையையும் ஏற்றுக்கொண்டே சொல்கிறேன்: இந்த வரலாற்றை மறைப்பது எது? ‘டார்வினின் கப்பல்’ என்ற கதைதானே? ஞானம் தேடிப்போன இளைஞன், பறவைகள், ஆமைகள் என்று சொல்லிவிட்டால் பேரரசு கண்ணில் படாது; கடத்தப்பட்ட சிறுமியும் கண்ணில் பட மாட்டாள். இது அளவைக் கப்பல், இதை அனுப்பியது கடற்படை, இன்ன நோக்கத்துக்காக அனுப்பியது என்று சொல்லும்போதுதான் இரண்டும் ஒரே சட்டகத்துக்குள் வருகின்றன. உழைப்பின் பெருமையையும் ஆதிக்கத்தின் கறையையும் சேர்த்துப் பார்க்கத் துணிந்தவருக்கே வரலாறு பிடிபடும்.

‘வரைபடங்கள் பழையதாகிவிட்டன, பரிணாமக் கொள்கை வாழ்கிறது, ஆகவே கப்பலின் புகழ் டார்வினுக்கே உரியது’ என்று சொல்வோரும் உண்டு. பயணத்தின் பலனாகக் கரைத்தாள்களும் துறைமுக வரைபடங்களுமாக நூற்றுக்கும் மேற்பட்டவை லண்டன் போய்ச் சேர்ந்தன. பல தலைமுறை மாலுமிகள் அவற்றை நம்பி அந்தக் கொடுங்கடலைக் கடந்தார்கள். ஒரு வரைபடத்தால் மூழ்காமல் தப்பிய கப்பலைப் பற்றி யாரும் நூல் எழுதுவதில்லை. விபத்து நடக்காததே அதன் வெற்றி. அதைவிட, புதிய அளவு பழைய அளவின் தோளில் ஏறித்தான் வருகிறது. டார்வினுடைய பல கருத்துகளும் திருத்தப்பட்டுள்ளன. அதற்காக அவரை யாரும் மறக்கவில்லை. அந்த நியாயத்தை ஈயக்குண்டு வீசியவர்களுக்கும் தர வேண்டும். டார்வினின் பெருமையை நான் குறைக்கவில்லை. ஊர் திரும்பிய பிறகு இருபதாண்டுகளுக்கு மேல் அவர் உழைத்த உழைப்பே அவருடைய பரிணாம நூலைத் தந்தது. ஒரே பார்வையில் உண்மை விளங்கியது என்ற கதை அந்த உழைப்பையும்கூட அவமதிக்கிறது.

பயணத்தின் கடைசிக் கட்டத்தில் நடந்த ஒன்றே என் வாதத்துக்குப் போதுமான சான்று. 1836 ஜூலையில் பீகிள் அட்லாண்டிக்கின் அசென்ஷன் தீவில் நின்றது. அங்கிருந்து வடக்கே போனால் இங்கிலாந்து. நாலரை ஆண்டுகளாக ஊரைப் பார்க்காதவர்கள் வீட்டை எண்ணி ஏங்கிக்கொண்டிருந்தார்கள். கடல் மயக்கத்தில் ஓயாமல் வாடிய டார்வின் எல்லோரிலும் அதிகமாக ஏங்கினார். ஃபிட்ஸ்ராய் கப்பலை மேற்கே, பிரேசிலை நோக்கித் திருப்பினார். ஆகஸ்ட் 1 அன்று மறுபடி பாஹியா. பயணத்தின் தொடக்கத்தில் அளந்த அதே ஊரில் மீண்டும் நேரம் பார்த்தால்தான் உலகைச் சுற்றிய சங்கிலியின் கண்ணிகள் சரியா என்று தெரியும். டார்வின் மனம் நொந்துபோனார், ஆனால் கப்பல் திரும்பவில்லை. அது டார்வினின் கப்பலாக இருந்திருந்தால் அன்று நேரே வீட்டுக்குப் போயிருக்கும். ஊர் வந்ததும் கூட்டிப் பார்த்தார்கள். உலகைச் சுற்றினால் சரியாக 24 மணி நேரம் வர வேண்டும். 33 வினாடி கூடுதலாக வந்தது. 22 காலமானிகளில் பாதிதான் அதுவரை ஒழுங்காக ஓடியிருந்தன. ஐந்தாண்டுப் புயல்களுக்குப் பின் முழு உலகத்துக்கும் வந்த பிழை அரை நிமிடத்தைச் சற்றே தாண்டியது. அந்தப் பிழையையும் ஃபிட்ஸ்ராய் மறைக்காமல் அச்சில் வெளியிட்டார்.

1839இல் அந்தப் பயணங்கள் நூலாக வந்தபோது அட்டையில் இருந்த பெயர் ‘அளவைப் பயணங்கள்’ என்பதுதான். டார்வின் எழுதியது அதன் மூன்றாம் தொகுதி. அன்று உடனிருந்தவர்களுக்குத் தெளிவாக இருந்ததைப் பின்வந்த புகழ் மறைத்துவிட்டது. மூன்றாம் பயணத்துக்குப் பின் பீகிள் எசெக்ஸ் மாவட்டத்தின் ஆற்றுச் சேற்றில், கள்ளக்கடத்தலைக் கண்காணிக்கும் காவற்கப்பலாக நிறுத்தப்பட்டது. 1870இல் உடைப்பதற்காக 525 பவுனுக்கு விற்றார்கள். கப்பலை மீட்க முடியாது. ஒரு வரியைத் திருத்த முடியும். பாடநூல் எழுதுவோருக்கும் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் அதுதான். ‘டார்வின் பீகிள் கப்பலில் ஆராய்ச்சிப் பயணம் மேற்கொண்டார்’ என்ற வரியை எடுத்துவிட்டு இப்படி எழுதுங்கள்: ‘தென் அமெரிக்கக் கரையை அளக்கப் போன பீகிள் என்ற கடலளவைக் கப்பலில் டார்வினும் போனார், அதன் மாலுமிகள் எடுத்த அளவுகளும் அவருக்குச் சான்றாக உதவின.’ உண்மையும் அதுவே. ஒரு பெரிய சிந்தனைக்குப் பின்னால் எத்தனை கைகள் கயிறு பிடித்தன என்பதை நம் பிள்ளைகளும் தெரிந்துகொள்ளட்டும்.